ஹைபர்நேட்டா, ஷட் டவுனா? வீட்டுக் கணினியை எப்படி நிறுத்துவது?



மாலையில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வானம் கறுத்தால் அடுத்து என்ன என்பது உங்களுக்கே தெரியும். இடி, கனமழை, சில வேளைகளில் கரண்டும் போய்விடும். பாதி தயாரித்த தேர்வுத்தாளோ, சேமிக்காத கட்டுரையோ திரையில் இருந்தால் அன்றைய உழைப்பு வீண்தான். ஆகவே, கணினியை எப்படி நிறுத்துகிறோம் என்பது முக்கியம். விண்டோஸ் கணினியில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

1. ஸ்லீப்: திறந்திருக்கும் வேலை ரேம் எனும் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அதைக் காக்க மின்சாரம் கொஞ்சமாக ஓடிக்கொண்டே இருக்கும். திருமாலின் அறிதுயில் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் தூக்கம், உள்ளே விழிப்பு. மேசைக் கணினியில் கரண்டு போனால் சேமிக்காத வேலை அழிந்துபோகலாம்.

2. ஹைபர்நேட்: குளிர்நாட்டு விலங்குகளின் நீண்ட உறக்கத்திலிருந்து வந்த பெயர். ரேமில் உள்ளதை அப்படியே வன்தட்டில் எழுதிவிட்டுக் கணினி அணைந்துவிடும். பிறகு கரண்டு போனாலும் பாதிப்பில்லை. மீண்டும் திறந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இதற்காக வன்தட்டில் சில ஜிபி இடம் ஒதுக்கப்படும்.

3. ஷட் டவுன்: எல்லாச் செயலிகளும் மூடப்படும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி உண்டு. அது இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போதும் இயங்குதளத்தின் ஒரு பகுதி வன்தட்டில் சேமிக்கப்படும். அதனால்தான் கணினி மந்தமானாலோ பிரிண்டர் தகராறு செய்தாலோ ஷட் டவுன் செய்தும் சில நேரம் சரியாவதில்லை. அப்போது ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுதான் முழுப் புதிய தொடக்கம்.

சரி, எப்போது எது?

பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வருவதென்றால் ஸ்லீப் போதும். நாலைந்து கோப்புகளைத் திறந்து வைத்து வினாத்தாள் தயாரிக்கிறீர்கள், நாளைக்கும் தொடர வேண்டும் என்றால் ஹைபர்நேட். வேலை முடிந்துவிட்டது, அல்லது பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஷட் டவுன். தினமும் ஹைபர்நேட் செய்பவர்கள் வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் செய்வது நல்லது. அப்டேட்கள் பலவும் அப்போதுதான் முழுமையாகும்.

மின்கட்டணக் கணக்கையும் பார்ப்போம். 50 வாட் இழுக்கும் கணினியை இரவு 14 மணிநேரம் சும்மா ஓடவிட்டால் 30 நாளில் 21 யூனிட் ஆகும். ஸ்லீப்பில் 2 வாட் என்று வைத்தால் ஒரு யூனிட்கூட வராது. ஹைபர்நேட்டிலும் ஷட் டவுனிலும் அதைவிடக் குறைவு. எனவே இவ்விரண்டுக்கும் இடையே பணத்தைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை.

இடி இடிக்கும்போது மட்டும் எந்த வழியும் தனியாகக் காப்பாற்றாது. மின்னல் பாய்ச்சல் கம்பி வழியாக வரும். மழை கறுக்கும்போதே ஹைபர்நேட் கொடுங்கள், விளக்கு முழுதும் அணையும்வரை காத்திருங்கள், பிறகு பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மோடத்திலிருந்து வரும் கேபிளையும் மறக்க வேண்டாம். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள்.

மெனுவில் ஹைபர்நேட் காணவில்லையா? கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறங்கள். பூட்டியிருக்கும் அமைப்புகளை மாற்றும் இணைப்பைச் சொடுக்கினால், கீழே ஹைபர்நேட்டுக்கு டிக் போடலாம். சில கணினிகளில் இந்த வசதி இருக்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: ஹைபர்நேட்டிலிருந்து எழும் கணினியில் வினாத்தாள் திறந்தபடியே இருக்கும். பிள்ளைகளும் பயன்படுத்தும் கணினி என்றால், எழும்போது கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

மாணவர்களே, எந்த வழியில் நிறுத்தினாலும் அதற்கு முன் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமித்துவிடுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவது நம்ம கையில்தான் இருக்கு.