வயிற்றுவலி மாத்திரைக்குள்ள தூக்கம் வர வைக்கிற மருந்தா? அட்டையைத் திருப்பிப் பாருங்க!

காலையில் டிபன் உள்ளே போனதும் வயிறு முறுக்கும். ரெண்டு தடவை பாத்ரூம் போய்விட்டு வந்தால்தான் ஆபீஸ் கேப் ஏற முடியும். மீட்டிங் இருக்கிற நாளில் இன்னும் மோசம். இப்படி அவதிப்படுகிறவரிடம் பக்கத்து சீட்காரர் ஒரு அட்டையை நீட்டுவார். "இதைப் போடு, கேஸ் எல்லாம் அடங்கிடும்." போட்டால் உண்மையிலேயே அடங்கும். கூடவே மனசும் கொஞ்சம் லேசாகும். வயிற்று மாத்திரை போட்டதற்கு மனசு ஏன் லேசாச்சு?

பதில் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. குளோர்டயஸெபாக்சைடு 5 மி.கி., கிளிடினியம் புரோமைடு 2.5 மி.கி. என்பது வழக்கமான கலவை. சில பிராண்டுகளில் டைசைக்ளோமைன் 10 மி.கி. கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கிளிடினியமும் டைசைக்ளோமைனும் குடல் இழுத்துப் பிடிப்பதைத் தளர்த்துகிற மருந்துகள். குளோர்டயஸெபாக்சைடு அந்த ரகமே இல்லை. அது பதற்றத்தைத் தணித்து, தூக்கக் கலக்கத்தையும் தரும் பென்சோடயஸெபைன் வகை. அல்பிரசோலம், டயஸெபாம் எல்லாம் இதே குடும்பம்தான். அல்பிரசோலம் என்றால் பயப்படுகிற வீட்டில்கூட இந்த அட்டை ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் சமையலறை அலமாரியில் சாதாரணமாகக் கிடக்கும்.

வயிற்றுக்கு எதுக்கு மனசு மருந்து?

இது ஏமாற்று வேலை இல்லை. குடலும் மூளையும் நரம்புகள் வழியாகப் பேசிக்கொண்டே இருப்பவை. பரீட்சைக்கு முன்னால் வயிற்றைக் கலக்குவது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய் இருப்பவர்களுக்கு இந்த உறவு இன்னும் பலமாக இருக்கும். பதற்றம் கூடினால் வலி கூடும், வலி கூடினால் பதற்றம் கூடும். இந்தச் சங்கிலியை இரண்டு பக்கமும் அறுப்பதுதான் கலவையின் நோக்கம். குடல் தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை கிளிடினியம் தடுக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை குளோர்டயஸெபாக்சைடு கூட்டுகிறது.

ஐடியா புதுசும் இல்லை. ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் உருவாக்கிய குளோர்டயஸெபாக்சைடு, 1960-ல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உலகில் விற்பனைக்கு வந்த முதல் பென்சோடயஸெபைனே அதுதான். அதோடு கிளிடினியத்தைச் சேர்த்த லிப்ராக்ஸ் அதே 1960-களில் வந்துவிட்டது. இன்று ஐபிஎஸ், அல்சர் போன்றவற்றுக்கு இது ஒரு துணை மருந்து மட்டுமே. டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு எழுதித் தந்தால் பயனுள்ளது. பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கிப் போடும்போதுதான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

‘நோய் திரும்பிடுச்சு’ன்னு தோணும்... ஆனா அது நோயா?

பென்சோடயஸெபைன்களை சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை தொடர்ந்து எடுத்தாலே உடல் அதற்குப் பழகிவிடலாம். டாக்டர் சொன்ன அளவிலேயே எடுத்தாலும் இது நடக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2020-ல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் லேபிளிலும் இதைக் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொன்னது.

உடல் பழகிய பிறகு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? தூக்கம் வராது, கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் படபடக்கும். அந்தப் படபடப்பு நேராக வயிற்றில் இறங்கும். மறுபடி முறுக்கு, மறுபடி பாத்ரூம். போட்டவருக்கு என்ன தோன்றும்? "பாத்தியா, மாத்திரையை விட்டதும் வயிறு பழையபடி ஆயிடுச்சு!" உடனே இன்னொரு அட்டை வாங்குவார். தான் அனுபவித்தது மருந்தை விட்டதன் எதிர்விளைவு என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அல்பிரசோலம் போடுகிறவருக்காவது தான் என்ன போடுகிறோம் என்று தெரியும். ‘கேஸ் மாத்திரை’ போடுகிறவருக்கு அந்தச் சந்தேகம் வரக்கூட வழியில்லை.

அதிக நாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். அதனால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கே அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரக்கு, சளி மாத்திரை, ஸ்கூட்டர்

வெள்ளிக்கிழமை பார்ட்டிக்கு முன்னால் ‘வயிறு சரியாக இருக்கட்டும்’ என்று ஒன்று போட்டுக்கொள்வது ரொம்ப ஆபத்து. ஆல்கஹாலும் இந்த மருந்தும் சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகி, மூச்சே மந்தமாகலாம். டிராமடால் கலந்த வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் ஆகியவற்றோடும் இதே ஆபத்து உண்டு. தூக்கம் வர வைக்கும் சளி மாத்திரைகளும் கலக்கத்தைக் கூட்டும். யாராவது எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாக இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

குளோர்டயஸெபாக்சைடு உடலுக்குள் உடைந்து உருவாகும் பொருட்களும் மருந்தாகவே வேலை செய்யும், நாள்கணக்கில் தங்கும். நேற்று ராத்திரி போட்டதன் மந்தம் இன்று காலை டிராஃபிக்கிலும் இருக்கலாம். இந்த மாத்திரை உங்களுக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

கிளிடினியம் பக்கத்தில் இருந்தும் தொல்லை வரும். வாய் வறளும், பார்வை மங்கும், மலச்சிக்கல் வரும். வியர்வை குறைவதால் உடல் சூடு இறங்காது. ஏப்ரல், மே மாத வெயிலில் அலைகிற வேலை என்றால் இதைச் சாதாரணமாக விடக்கூடாது. குறுகிய கோண கிளாகோமா இருப்பவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் போகச் சிரமப்படுபவர்களும் இதை எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பால் கொடுப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொரு முரண்: நெஞ்செரிச்சலுக்கு இதைப் போட்டால், இரைப்பை வாயின் தசை தளர்ந்து அமிலம் மேலே வருவது கூடவும் வாய்ப்புண்டு.

அம்மா, அப்பாவுக்குக் கொடுக்கிறீங்களா?

ஊரில் இருக்கும் அப்பா "வயிறு உப்புசமா இருக்குப்பா" என்றால், உங்கள் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பாதீர்கள். முதியவர்களுக்கு எழுதாமல் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலில் இந்தக் கலவை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. காரணம், குழப்பம், மறதி, சிறுநீர் அடைப்பு, எல்லாவற்றுக்கும் மேல் தடுமாறி விழுவது. அறுபது, எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன பாடு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மருந்துக்கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீங்க

குளோர்டயஸெபாக்சைடு, 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்1 அட்டவணையில் வருகிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆப்பில் வீடியோ கால் போட்டு வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் தடை உண்டு. 2020-ல் வெளியான டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள், என்டிபிஎஸ் சட்டப் பட்டியலில் உள்ள மனநிலை மருந்துகளை அப்படி எழுதித் தரக் கூடாது என்கின்றன. இதுவும் அந்தப் பட்டியலில் உள்ளதுதான். நடைமுறையில் ‘அண்ணே, ஒரு அட்டை’ என்று கேட்டால் கிடைக்கிற கடைகள் இருக்கின்றன என்பது வேறு கதை.

எல்லா வலியும் கேஸ் இல்லை. மலத்தில் ரத்தம், எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நிற்காத வாந்தி, வலது அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி, இதில் எது இருந்தாலும் மாத்திரையால் அமுக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் ‘கேஸ்’, கூடவே வியர்வை என்றால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

ஏற்கெனவே சில வாரமாக எடுத்து வருகிறீர்களா? அட்டையின் பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை, கூட வேறென்ன மாத்திரை, வாரத்துக்கு எத்தனை நாள் குடிக்கிறீர்கள், இந்த நாலையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். "கேஸ் மாத்திரை போடுறேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னால், அவர் நினைப்பது வேறு ஏதோ ஒரு மாத்திரையாக இருக்கும்.