அறுப்பும் பொங்கலும் ஒன்றாக வரும் மாதம்: புத்தாண்டுத் தீர்மானத்தை எப்போது எடுப்பது?

டெல்டாவில் சம்பா நெல் போட்டிருக்கும் குடும்பத்துக்கு மார்கழிக் கடைசியும் தை முதல் இருபது நாளும் மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். அறுவடை மெஷினுக்குச் சொல்லி வைத்து, நம் முறை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். அரையாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கையோடு பொங்கல் லீவு வந்துவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வருவான். கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். இன்னொருவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கக் கிளம்புவார்.

இத்தனைக்கும் நடுவில்தான் ஜனவரி 1 வருகிறது. 'இந்த வருஷம் கடனை அடைச்சிடணும்', 'இனிமே வரவு செலவை எழுதி வைக்கணும்', 'மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கணும்' என்று வீட்டில் பேசிக்கொள்வோம். மாட்டுப் பொங்கல் முடிவதற்குள் அந்தப் பேச்சு காற்றோடு போய்விடும். குடும்பத்தாருக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வருஷத்திலேயே வேலை அதிகமான மாதத்தில் அத்தனை தீர்மானத்தையும் ஒரே நாளில் கட்டித் தூக்கப் பார்ப்பதால் வரும் தடுமாற்றம் அது.

நமக்கு நான்கு புத்தாண்டு

விவசாயிக்கு வருஷம் ஒரே நாளில் பிறப்பதில்லை. ஜனவரி 1-ல் காலண்டர் மாறுகிறது. ஏப்ரல் 1-ல் வங்கிக்குக் கணக்கு ஆண்டு தொடங்குகிறது. ஏப்ரல் நடுவில் சித்திரை பிறக்கிறது; நல்லேர் பூட்டும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. ஜூலை 1-ல் வருவாய்த் துறையின் பசலி ஆண்டு தொடங்கி, அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. நம் சிட்டா, அடங்கல் எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

ஆகவே தீர்மானங்களையும் பிரித்துக்கொள்ளலாம். எந்த வேலைக்கு எப்போது கையில் நேரமும் பணமும் இருக்குமோ, அதை அந்தப் புத்தாண்டில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜனவரியில் மூன்று மட்டும்

முதலாவது, கடன் தவணைத் தேதி. புதுக் காலண்டர் மாட்டியவுடன், வீட்டிலுள்ள எல்லாக் கடனின் கெடுவையும் அந்தந்தத் தேதியில் சிவப்பு மையால் எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க் கடனைக் கெடு தேதிக்குள் திருப்பிக் கட்டினால் வட்டி இல்லை. தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும். நகைக் கடன், கைமாற்று, குழுக் கடன் எதையும் விடாமல் எழுதுங்கள்.

நெல் விற்ற பணம் வந்ததும் எதை முதலில் அடைப்பது என்பதையும் பண்டிகைக்கு முன்பே பேசி முடிவு செய்வது நல்லது. ஒரு கணக்குப் பாருங்கள். நூற்றுக்கு 3 ரூபாய் வட்டிக்கு 50,000 ரூபாய் வெளியில் வாங்கியிருந்தால் மாத வட்டி 1,500 ரூபாய். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் 9,000 ரூபாய் போய்விடும். பேச்சில் '3 வட்டி' என்றால் சின்னதாகத்தான் தெரியும். வருஷக் கணக்கில் அது 36 சதவீதம். சீருக்கும் துணிமணிக்கும் ஆகும் செலவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செலவுக்கு உச்சவரம்பு இவ்வளவு என்று போகிக்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு நோட்டு. பெரிய கணக்குப் புத்தகம் வேண்டாம். 40 பக்க நோட்டு போதும். மெஷின் எத்தனை மணி ஓடியது, எத்தனை மூட்டை கண்டது, ஆட்கூலி எவ்வளவு, வைக்கோல் என்ன விலைக்குப் போனது என்று அன்றன்றைக்கு ஒரு வரி எழுதினால் போதும். லீவில் இருக்கும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கணக்குப் பாடத்துக்கும் உதவும். வீட்டுக் கஷ்டம் என்ன என்பதும் பிள்ளைக்குப் புரியும். சம்பாவில் ஏக்கருக்கு என்ன நின்றது என்று பல வீடுகளில் சரியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், அறுவடை வாரத்துச் செலவை யாரும் எழுதாததுதான்.

மூன்றாவது, நெல் தரிசில் உளுந்து. இது பண்டிகைக்காகக் காத்திருக்காத வேலை. அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் விதையைச் சீராகத் தூவ வேண்டும். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை. 'பொங்கல் போகட்டும்' என்று விட்டால் ஈரம் போய்விடும், முளைப்பு கெடும். விதையை மார்கழியிலேயே வாங்கி, முளைப்புத் திறன் பார்த்து வைத்துவிட்டால் பண்டிகை நாளில் ஓட வேண்டியதில்லை.

வீட்டுப் பெண்களின் நாள்

மார்கழியில் விடியலுக்கு முன்பே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவதில் தொடங்கி, பால் கறந்து, ஆட்களுக்குச் சோறாக்கி, விருந்தாளிக்குப் பாய் போட்டு, இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை ஒரே ஆளின் தலையில் விழுகிறது. லீவு என்ற சொல் அந்த ஆளுக்குப் பொருந்துவதில்லை. குடும்பத்துக்கு என்று ஒரு தீர்மானம் எடுப்பதானால் இதில் எடுக்கலாம். வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். சாணி அள்ளித் தொழுவம் கூட்டுவது மகனுக்கு. தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் எடுத்து வைப்பதும் பிள்ளைகளுக்கு. ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பது, கடைச் சாமான் வாங்குவது வீட்டுக்காரருக்கு. 'எல்லாரும் கூடமாட ஒத்தாசை பண்ணுங்க' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

நெல் பணத்தை என்ன செய்வது என்ற பேச்சிலும் அந்த அம்மாவுக்கு இடம் வேண்டும். அடகில் இருப்பது பெரும்பாலும் அவர் கழுத்து நகைதான்.

சித்திரையிலும் ஆடியிலும் மற்றவை

தை கடைசியில் போட்ட உளுந்து பங்குனிக் கடைசி, சித்திரை வாக்கில் வீடு வந்துவிடும். அப்போது வயல் காலியாக இருக்கும்; நமக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மண் பரிசோதனைக்கு அதுதான் சரியான நேரம். வயலில் 10, 15 இடங்களில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்துப்போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்களை ஒதுக்கி, அரை கிலோ வரும் வரை குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களில் எடுக்க வேண்டாம். கோடை மழை கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடலாம்.

தை மாதத்து நோட்டைப் புரட்டிப் பார்க்கவும் சித்திரை ஏற்ற மாதம். எந்தச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது, அடுத்த பட்டத்துக்கு விதைக்கும் உரத்துக்கும் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று குடும்பமாக உட்கார்ந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பட்டா மாறுதல், பெயர்ப் பிழை, கூட்டுப் பட்டாவைப் பிரிப்பது ஆகியவற்றைப் பசலி முடிவில் நடக்கும் ஜமாபந்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதங்கள் சரியாக இருந்தால்தான் ஆடிக்குப் பிறகு பயிர்க் கடனுக்கும், சம்பா காப்பீட்டுக்கும் அலைச்சல் குறையும்.

பண்டிகை நாட்களில் அதிகம் கேட்கப்படும் கேள்விகள்

*மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு எவ்வளவு பொங்கல் கொடுக்கலாம்?*

ஒரு கைப்பிடி போதும். வீட்டில் ஒரு பானை, பக்கத்து வீட்டில் ஒரு பானை, கோயிலில் வாழைப்பழமும் வெல்லமும் என்று வருகிறவர்கள் எல்லாம் ஊட்டிவிடுவதுதான் ஆபத்து. சோறும் இனிப்பும் அளவு மீறினால் மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலம் கூடிவிடும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது, வயிறு உப்பும், கழிச்சல் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். சில மாடுகள் படுத்து எழாமல் இறந்தும் போகின்றன. இந்த அறிகுறி தெரிந்தால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் சேவைக்கு 1962 என்ற எண் இருக்கிறது. முதல் நாளே பொங்கப்பானைச் சோற்றைத் தொழுவத்துக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். அன்றைக்கும் வழக்கமான வைக்கோலும் பசும்புல்லும்தான் பிரதானத் தீனி.

*பொங்கல் முடிந்து அறுத்துக்கொள்ளலாமா?*

கதிர் முற்றிவிட்டால் நாளைத் தள்ள வேண்டாம். 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து வீணானதை மறந்திருக்க மாட்டீர்கள். காப்பீடு செய்த பயிரை அறுத்து வயலில் பரப்பிக் காயவிட்டிருக்கும்போது இப்படி மழை பிடித்தால், அறுத்த 14 நாள் வரை நேரும் சேதத்துக்குப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். லீவு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

*கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துப்போகும் முன் என்ன பார்க்க வேண்டும்?*

ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பண்டிகை நாட்களில் எந்தெந்த நாள் நெல் பிடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு அறுவடைத் தேதியை முடிவு செய்தால், களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுப் பொங்கலன்று இரவுக் காவல் இருக்க வேண்டிய நிலை வராது.