போட்டி ரத்தானால் என்ன? கடிகாரம் இருக்கிறதே!

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



"மழை காரணமாகத் தடகளப் போட்டிகள் ரத்து" என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டிவிட்டால் போதும். மூன்று மாதம் ஓடியதெல்லாம் வீண் என்று ஸ்பைக்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறோம். ஆனால் போட்டி இல்லாமலேயே நம் வேகத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதுதான் 'டைம் ட்ரையல்'. நம் அணி நண்பர்களே சேர்ந்து, நம் மைதானத்திலேயே, கடிகாரத்தை எதிராளியாக வைத்து ஓடும் ஓட்டம்.

பெரிய வீரர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனாவால் டோக்கியோ ஒலிம்பிக் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. மற்ற போட்டிகளும் வரிசையாக ரத்தாயின. அந்த ஜூலையில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் பவர்மேன் டிராக் கிளப் வீரர்கள் தங்களுக்குள்ளேயே ஓட்டங்கள் வைத்துக்கொண்டார்கள். அதில் கனடா வீரர் முகம்மது அகமது 5000 மீட்டரை 12 நிமிடம் 47.20 வினாடியில் ஓடி, தன் நாட்டின் சாதனையையே முறியடித்தார். 2021-ல் ஒலிம்பிக் நடந்தபோது அதே 5000 மீட்டரில் வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். போட்டி இல்லாத வருஷம் அவருக்கு வீணாகவில்லை பாருங்கள்!

சரி, நாம் எப்படி நடத்துவது?

முதல் வேலை: டிராக்கை அளப்பது

தூரம் தப்பானால் நேரமும் தப்பு. நம் மைதானத்தில் 400 மீட்டர் டிராக்குக்கு இடம் இல்லை. 200 மீட்டருக்கு இருக்கிறது. கணக்கு சுலபம். நேர்கோடு பக்கத்துக்கு 40 மீட்டர் என்றால் இரண்டுக்கும் 80. மீதி 120 மீட்டர் இரண்டு அரைவட்டத்தில் வரவேண்டும். 120-ஐ 2 பையால் வகுத்தால் ஆரம் 19.10 மீட்டர். ஆனால் யாரும் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. அதனால் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்ட டிராக்கில், கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் வெளியே அளக்கவேண்டும் என்பது விதி. ஆகவே நாம் போடும் கோட்டின் ஆரம் 18.90 மீட்டர்.

இதை மண்ணில் போட எனக்கு வழி சொன்னவர் என் அப்பா. அவர் கொத்தனார். பை என்றால் அவருக்குத் தெரியாது. ஆனால் வட்டம் போடத் தெரியும். "கயிறு இழுத்தா நீளும்டா, கட்டுக்கம்பி எடுத்துக்கோ" என்றார். நடுக்கோட்டில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்தோம். 3-4-5 கணக்கில் மூலைமட்டம் பார்த்தோம். கம்பியை 18.90 மீட்டருக்கு வெட்டி, முளையில் கட்டி அரைவட்டம் இழுத்தோம். டேப் சிவில் துறை நண்பர்கள் கொடுத்தது.

கோட்டை ஒட்டி ஓடுவதும் முக்கியம். ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் ஒரு சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடுதல். 1500 மீட்டருக்கு ஏழரைச் சுற்று; மொத்தம் 47 மீட்டர் அதிகம். நாலரை நிமிட ஓட்டக்காரருக்கு இதனால் எட்டு வினாடிக்கு மேல் போய்விடும்!

இரண்டாவது: வேகத்தைப் பங்கு பிரிப்பது

இலக்கு 4 நிமிடம் 30 வினாடி என்றால் ஒவ்வொரு 200 மீட்டருக்கும் 36 வினாடி. முதல் அரைச்சுற்று 18. பிறகு கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கேட்கவேண்டிய நேரம்: 54, 1.30, 2.06, 2.42, 3.18, 3.54, முடிவில் 4.30. ஒருவர் கோட்டருகே நின்று இதைச் சத்தமாகக் கத்தவேண்டும். மூச்சு வாங்கும்போது நமக்குக் கணக்கு ஓடாது.

முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க 'பேஸ்மேக்கர்' வேண்டும். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் முதன்முதலாக ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் (3 நிமிடம் 59.4 வினாடி) ஓடினாரே, அது தனி ஆளாக ஓடியதல்ல. முதலில் கிறிஸ் பிராஷர், பிறகு கிறிஸ் சாட்டவே என்று நண்பர்கள் இருவர் முன்னால் ஓடிக் கொடுத்தார்கள். முன்னால் ஓடுபவர் காற்றை வாங்கிக்கொள்வார்; வேகத்தைப் பற்றிய கவலையையும் அவரே சுமப்பார். ஆனால் அன்று அவருக்கென்று ஒரு நேரம் கிடைக்காது. அதனால் முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்று எனக்கு நீ, அடுத்த வாரம் உனக்கு நான்.

மூன்றாவது: கடிகாரம்

செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். ஆனால் மூன்று பேர் பிடிக்கவேண்டும். இரண்டு பேருக்கு ஒரே நேரம் வந்தால் அதுவே சரி. மூன்றும் வேறானால் நடுவில் உள்ளது. இரண்டே கடிகாரம் இருந்து வித்தியாசம் வந்தால், அதிகமான நேரம்தான் கணக்கு. துவக்குபவர் தூரத்தில் நிற்பதால் சத்தம் கேட்டு அழுத்தக்கூடாது. ஒலி 100 மீட்டர் வர கிட்டத்தட்ட 0.3 வினாடி ஆகும். கொடி இறங்குவதைப் பார்த்து அழுத்தவேண்டும். முடிவில் தலையையோ காலையோ பார்க்காமல், மார்பு கோட்டுக்கு வருவதைப் பார்க்கவேண்டும்.

நான்காவது: நிஜப் போட்டி மாதிரியே

தேதியும் நேரமும் முன்பே குறித்து பி.டி. சாரிடம் சொல்லிவிடுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது. காலை ஆறேகாலுக்குள் ஆரம்பித்தால் வெயில் தொல்லை இல்லை. அரைமணி நேரம் வார்ம்-அப் கட்டாயம். தினமும் வைத்தால் உடம்பு தாங்காது. இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும்.

எங்கள் அனுபவம்

இந்த ஆண்டு எங்கள் மண்டலப் போட்டி மழையால் முதலில் தள்ளிப்போய், பிறகு ரத்தாகிவிட்டது. எனக்கு இது மூன்றாம் ஆண்டு; அடுத்த வருஷம் என்பது கிடையாது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். ஓட்டத்தில் ஒரு சர்டிபிகேட் இருந்தால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ உதவும் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். "போட்டிதான் இல்லையே, அப்புறம் எதுக்குடா காலங்காத்தால ஓடுற?" என்று அப்பா கேட்டார். "மூணு வருஷம் ஓடினதுக்கு என் கால்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்ப்பா" என்றேன். அதன் பிறகுதான் கட்டுக்கம்பி யோசனை வந்தது.

போன வருஷம் போட்டியில் என் நேரம் 4 நிமிடம் 38 வினாடி. இந்த முறை எங்கள் 800 மீட்டர் நண்பன் 600 வரை இழுத்தான். 5000 மீட்டர் ஓடும் ஜூனியர் 1100 வரை கொண்டுபோனார். அப்போது சரியாக 3.18. கடைசி 400 நான் மட்டும். மூன்று கடிகாரமும் வேறு வேறு காட்டின: 4.31.2, 4.31.3, 4.31.5. ஆகவே 4.31.3. பி.டி. சார் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உள்ளதைச் சொல்லவேண்டும். இந்த நேரத்துக்கு எந்தச் சர்டிபிகேட்டும் கிடையாது. எந்தத் தேர்விலும் இதைக் காட்ட முடியாது. அந்தக் குறை குறைதான். ஆனால் கிட்டத்தட்ட ஏழு வினாடி குறைந்திருக்கிறது என்பது பொய்யில்லையே! அடுத்து எந்த மைதானத்தில் நின்றாலும், எந்த வேகத்தில் கிளம்பலாம் என்று எனக்குத் தெரியும். மறுவாரம் அந்த ஜூனியருக்கு நான் முன்னால் ஓடினேன். அவருக்கும் இதுவரை ஓடாத நல்ல நேரம் கிடைத்தது.

தம்பி, தங்கைகளே! அந்த இரண்டு முளைகளையும் தரைமட்டத்துக்கு அடித்து வைத்திருக்கிறோம். கம்பி பி.டி. சார் அறையில் இருக்கிறது. மழையில் சுண்ணாம்பு கரைந்தாலும் அரைமணி நேரத்தில் மறுபடி கோடு போட்டுவிடலாம். அடுத்த ஆண்டு போட்டி நடந்தால் மகிழ்ச்சி. நடக்காவிட்டாலும் நீங்கள் ஓடுங்கள். நேரத்தை எழுதி வையுங்கள்.