முதலாம் ஆண்டுக்கு எந்த மொழி?

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் அதிகமுள்ள மாநிலம் பேராக். மொத்தம் 134 பள்ளிகள். அவற்றில் பல, பிள்ளைகளின் படிப்பை யோசித்து இடம் பார்த்துக் கட்டியவை அல்ல; பால்மரம் நின்ற இடத்தில் எழுந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல துரைமார் சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டார்கள். கங்காணியோ கிராணியோ பாடம் சொன்னார். புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதும் பிள்ளை அப்பா அம்மாவோடு தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றது.

இதைக் காட்டியே, தமிழில் படித்ததால்தான் தோட்டத்துப் பிள்ளைகள் முன்னேறவில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். இந்த வாதம் அநியாயமானது. அந்தப் பிள்ளையை நிறுத்தியது தமிழ் அல்ல. அதற்கு மேல் படிக்க வழி வைக்காததுதான்.

தொடக்கக் கல்வி தாய்மொழியிலேயே இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 1953இல் சொன்னது. அதற்கு எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதை நாம் நேரிலேயே பார்த்தோம். 2003இல் முதலாம் ஆண்டிலிருந்தே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. பன்னிரண்டு ரம்புத்தானில் ஐந்தைத் தங்கச்சிக்குக் கொடுத்தால் மீதி எத்தனை என்று தமிழில் கேட்டால், ஏழு வயதுப் பிள்ளை விரலை மடக்கிச் சொல்லிவிடும். அதே கணக்கை ஆங்கிலத்தில் கேட்டால் எண்கள் இரண்டும் தெரியும். கூட்டுவதா கழிப்பதா என்பது தெரியாது. ஆசிரியர் முகத்தைப் பார்த்து ஊகிக்கும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் ஈப்போ நகரத்துப் பிள்ளை சமாளித்துக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி ஏது? 2009இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட முடிவு செய்தது.

மலாயை ஒதுக்கச் சொல்லவில்லை. இடைநிலைப்பள்ளி பெரும்பாலும் மலாயில்தான் நடக்கிறது. மலாயில் தடுமாறும் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கிறது. அதனால்தான் தமிழ்ப்பள்ளியின் கீழ் வகுப்புகளில் மலாய் சொல்லித்தருபவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை தெரியாததற்குப் போகும்.

இதே பேராக்கில் தாப்பா, பீடோர் பக்கத்துச் செமாய் பழங்குடிப் பிள்ளைகளுக்கு தாய்மொழியில் படிக்க நமக்கிருக்கும் வாய்ப்பும் இல்லை. சில பள்ளிகளில் செமாய் ஒரு பாடம், அவ்வளவுதான். தாய்மொழிக் கல்வியை உரிமை என்று பேசும் நாம் அவர்களுக்காகவும் பேச வேண்டும்.

நம் பள்ளிகளின் சட்ட நிலை இப்போது உறுதியாக இருக்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை அல்ல என்று 2021இல் உயர்நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. சிக்கல் பள்ளிகள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே நிலம் வாங்கட்டும் என்று சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது காப்பாற்றிய தோட்டங்கள் சில. துண்டாகிப் போனவை ஏராளம். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயத்துக் குடும்பங்கள் ஈப்போ பக்கம் புந்தோங், மெங்லெம்பு, குனோங் ராப்பாட் என்று பெயர்ந்தன. பள்ளிக்கூடம் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றுவிட்டது. 150 பேருக்குக் கீழே போனால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. ஆள் மிகவும் குறைந்தால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பு.

அக்கறையுள்ள பள்ளி வாரியங்கள் சில, பள்ளியின் உரிமத்தைக் குடியிருப்புப் பகுதிக்கு மாற்றிப் புதுக் கட்டடம் எழுப்பியிருக்கின்றன. இடம் மாறாத தோட்டத்துப் பள்ளிகளுக்குப் பட்டணத்திலிருந்து பிள்ளைகள் வேனில் போகிறார்கள். வேன் கட்டணம் கட்ட முடியாத குடும்பம், பிள்ளையை நடந்து போகும் தூரத்தில் இருக்கும், மலாயில் நடக்கும் தேசியப் பள்ளியில் சேர்த்துவிடுகிறது.