மேடையில் ஏறினால் கொலை மிரட்டல்: உஸ்பெக் நடிகை சாரா இஷான்துராயேவா ஏன் முக்கியம்?

1927-இல் உஸ்பெகிஸ்தானில் 'இரண்டாவது மனைவி' என்று ஒரு மௌனப் படம் வந்தது. பணக்கார வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போகும் ஓர் உஸ்பெக் பெண்ணின் கதை. ஆனால் கதாநாயகியாக நடித்தவர் உஸ்பெக் பெண் இல்லை. மாஸ்கோவில் இருந்து வந்த ரா மெஸ்ஸெரர் என்ற யூதப் பெண். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாலே கலைஞர் மாயா பிளிசெட்ஸ்காயாவின் அம்மா இவர்தான்.

ஏன் ஒரு உள்ளூர்ப் பெண் கிடைக்கவில்லை? கேமரா முன்னாடி முகத்தைக் காட்டுவது, அங்கே அப்போது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது. அந்த நிலைமையை மாற்றிய சில பெண்களில் ஒருவர்தான் சாரா இஷான்துராயேவா.

யார் இவர்?

1911-இல் பிறந்தவர். சொந்த ஊர் இன்றைய கிர்கிஸ்தானில் இருக்கும் ஓஷ் பகுதி. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து ஆதரவற்ற குழந்தைகளுக்கான விடுதியில் வளர்ந்தார். இது சோகமான தகவல்தான். ஆனால் அவர் நடிகையானதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. அன்றைய உஸ்பெக் சமூகத்தில் ஒரு பெண் மேடையேறக் கூடாது என்று தடுப்பவர்கள் பெரும்பாலும் அப்பா, அண்ணன், கணவன். சாராவைத் தடுக்க வீடு என்று ஒன்று இல்லை.

1924-இல் மாஸ்கோவில் உஸ்பெக் இளைஞர்களுக்காக ஒரு நாடகப் பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது. பதின்மூன்று வயது சாரா அங்கே மாணவியாகச் சேர்ந்தார். மூன்று வருடம் பயிற்சி. 1927-இல் எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

அவர்கள் திரும்பிய நேரம்தான் மிக மோசமான நேரம்.

1927-இல் அப்படி என்ன நடந்தது?

அந்த வருடம் மார்ச் 8, மகளிர் தினத்தன்று, சோவியத் அரசு 'ஹுஜூம்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. உஸ்பெக் மொழியில் 'தாக்குதல்' என்று அர்த்தம். அங்கே நகரத்துப் பெண்கள் வெளியே வரும்போது உடல் முழுக்க மூடும் 'பரஞ்சி' அங்கியும், குதிரை முடியில் நெய்த முகத்திரையும் அணிவது வழக்கம். பொதுக்கூட்டங்களில் அவற்றைக் கழற்றி எரிக்க வைத்தார்கள்.

எதிர்வினை பயங்கரமாக இருந்தது. 1927 முதல் 1929 வரை சுமார் 2,000 பெண்கள் கொல்லப்பட்டதாக வரலாற்று ஆய்வுகள் சொல்கின்றன. பல கொலைகளைச் செய்தது சொந்தக் குடும்பத்து ஆண்களே.

இதில் மேடைக் கலைஞர்கள் தனி இலக்கு. ஏன்னா, முகத்திரையைக் கழற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்கள் முன்னிலையில் பாடினார்கள், ஆடினார்கள். பாடகி துர்சுனாய் சயீதாஸிமோவாவை 1928-இல் அவருடைய கணவரே கொன்றார். மர்கிலான் நகரத்து நடனக் கலைஞர் நூர்கோனை 1929-இல் சொந்த அண்ணனே குத்திக் கொன்றார். இரண்டு பேருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை.

அதே வருடம் மார்ச்சில் நாடக ஆசிரியர் ஹம்ஸாவையும் ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. தாஷ்கண்டில் சாரா வேலை பார்த்த நாடக அரங்கத்துக்குப் பின்னாளில் அவருடைய பெயரே வைக்கப்பட்டது. அவர் எழுதிய 'பணக்காரனும் பணியாளனும்' நாடகத்தில் ஜமிலா வேடம் சாராவுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது.

ஷேக்ஸ்பியர் எப்படி உள்ளே வந்தார்?

இயக்குநர் மன்னான் உய்குர் 1935-இல் 'ஹாம்லெட்'டை உஸ்பெக் மொழியில் மேடையேற்றினார். ஹாம்லெட்டாக அப்ரோர் ஹிதாயத்தோவ், ஒஃபீலியாவாக சாரா. இருபது வருடங்களுக்கு முன்புதான் உஸ்பெக் மொழியில் நவீன நாடகம் என்பதே தொடங்கியிருந்தது. 1914-இல் மேடையேறிய பெஹ்பூதியின் 'தந்தையைக் கொன்றவன்' நாடகத்தைத்தான் ஆரம்பமாகச் சொல்வார்கள். அந்த வகையில் இது பெரிய தாவல்.

ஆனால் இந்த 'ஹாம்லெட்'டுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. அதை மொழிபெயர்த்தவர் கவிஞர் சோல்பான். 1937-இல் அவர் கைது செய்யப்பட்டார். 1938 அக்டோபர் 4 அன்று ஸ்டாலின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அதாவது, பெண்களை விடுதலை செய்கிறோம் என்று சொன்ன அதே அரசு, அந்தப் பெண்கள் மேடையில் பேசிய வசனத்தை எழுதியவரைக் கொன்றது. சாராவின் தலைமுறைக்கு ஒரு பக்கம் வீட்டுக்காரர்களின் கத்தி, இன்னொரு பக்கம் அரசின் துப்பாக்கி.

1941-இல் 'ஒத்தெல்லோ'. ஹிதாயத்தோவ்தான் ஒத்தெல்லோ, சாரா டெஸ்டிமோனா. உஸ்பெக் நாடக வரலாற்றில் இன்றும் அதிகம் பேசப்படும் தயாரிப்பு இதுதான். கதை நமக்குத் தெரியும்: சந்தேகப்படும் கணவன், ஒரு தப்பும் செய்யாத மனைவியைக் கொல்கிறான்.

வெனிஸிலும் சைப்ரஸிலும் நடக்கும் கதைதான். ஆனால் கணவன் கையால் ஒரு பாடகி செத்து அப்போது பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சோவியத் மேடையில் நூர்கோன் போன்றவர்களைத் தியாகிகளாக்கும் பிரசார நாடகங்கள் நிறைய வந்தன. ஷேக்ஸ்பியரில் பிரசாரம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, கொலை செய்கிற ஆணையும் கொல்லப்படுகிற பெண்ணையும் மனிதர்களாகவே பார்க்க அந்த மேடை இடம் கொடுத்தது.

சினிமாவில் என்ன செய்தார்?

1940-இல் 'அசல்' என்ற படத்தில் நடித்தார். நம்ம அஜித் படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உஸ்பெக்கில் 'அசல்' என்றால் தேன். ரா மெஸ்ஸெரரை அழைத்து வந்ததில் இருந்து பதின்மூன்றே வருடத்தில், ஓர் உஸ்பெக் நடிகை தன் மொழி பேசும் மக்களுக்கு முன்னால் திரையில் நின்றார்.

ஆனாலும் சாராவின் உண்மையான வீடு மேடைதான். 'அலிஷேர் நவாய்' நாடகத்துக்காக 1949-இல் ஸ்டாலின் பரிசு பெற்றார். 1951-இல் நடிகர்களுக்கான மிக உயர்ந்த பட்டமான 'சோவியத் ஒன்றிய மக்கள் கலைஞர்' கிடைத்தது. 1998-இல், சுதந்திர உஸ்பெகிஸ்தானில் காலமானார்.

இன்று இந்தக் கதையை எப்படிப் பார்க்கிறார்கள்?

இங்கேதான் சிக்கல். 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கணக்குகள் மாறின. சுட்டுக் கொல்லப்பட்ட சோல்பான் தேசியக் கவிஞராகக் கொண்டாடப்பட்டார். மர்கிலானில் இருந்த நூர்கோன் சிலை அகற்றப்பட்டது. ஹம்ஸாவின் பெயரும் 2001-இல் நாடக அரங்கத்தில் இருந்து எடுக்கப்பட்டு, இப்போது அது உஸ்பெக் தேசிய நாடக அரங்கம்.

ஹுஜூம் விடுதலை இயக்கமா, இல்லை மாஸ்கோ மேலிருந்து திணித்த காலனிய நடவடிக்கையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ரெண்டிலும் உண்மை இருக்கிறது. முகத்திரையைக் கழற்றச் சொன்ன அரசு, கழற்றிய பெண்களைக் காப்பாற்றத் தவறியது. பல ஊர்களில், மேடையில் திரையைக் கழற்றிய பெண்கள் மறுநாளே பயத்தில் மீண்டும் அணிந்துகொண்டார்கள்.

ஆனால் அந்த விவாதத்தில் ஒரு விஷயம் அடிக்கடி காணாமல் போகிறது. அந்தப் பெண்கள் அரசின் போஸ்டர்களும் இல்லை, மரபை மீறிய குற்றவாளிகளும் இல்லை. அவர்களுக்கு வேலை நடிப்பு. அதைச் செய்ய ஆசைப்பட்டார்கள், கற்றுக்கொண்டார்கள், தினமும் மாலையில் மேடைக்குப் போனார்கள். துர்சுனாயும் சாராவும் பிறந்தது ஒரே வருடம், 1911. ஒருவர் பதினேழு வயதில் கொல்லப்பட்டார். இன்னொருவர் அதற்குப் பிறகு எழுபது வருடம் வாழ்ந்தார்.