மண்ணியல் சிறுதேரும் மடிக்கணினியும்

ஊவா மலைநாட்டிலே தெமோதரைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதம், எல்லவைக் கடந்து, ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் ஊர்ந்து, தெமோதரை நிலையத்தில் சற்றே இளைப்பாறுகிறது. பின்பு புறப்பட்டு, குன்றைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து பதுளையை நோக்கி இறங்குகிறது. அந்தச் சரிவிலே தண்டவாளம் நேரே இறங்க இயலாது. என் செய்வதென்று திகைத்து நின்றாராம் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, பிற்காலத்தில் இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்பட்டவர் அவரே. அவ்வேளை ஒரு கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டார். வழி பிறந்தது என்பது செவிவழிக் கதை. 1924 ஆம் ஆண்டில் புகையிரதம் பதுளையை எட்டியது.

இக்கதையை வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அதன் பொருள் எனக்கே செவ்வனே விளங்கியது, 2025 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்றுதான்.

அன்று காலை, ஒரு காலத்தில் என்னிடம் படித்து, இப்போது தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் மகன். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த பிள்ளை.

“சேர், மவன் லெப்டொப் கேக்கிறான். கேம் விளையாடுற லெப்டொப்பாம். ரெண்டு லட்சத்து எண்பத்தஞ்சாயிரமாம். மாசாமாசம் கட்டலாம்னு கடையில சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா…”

அவ்வாக்கியம் முடியவில்லை. ‘வேண்டாம்’ என்ற பழியை ஆசிரியர் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதா, ‘வாங்கு’ என்ற துணிவை அவர் தரட்டும் என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை போலும்.

நான் மனத்துள் கணக்குப் போட்டேன். நெடுங்காலம் கேட்டுக் கேட்டு, 2021 இலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. அவ்வாறாயின் 285,000 ரூபா என்பது 211 நாட் கூலி. மாதம் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்து, உண்ணாமலும் உடுக்காமலும் இருந்தாலுங்கூட எட்டு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை விலையா என்று கடிந்து அனுப்பிவிடலாம். ஆனால் தமிழ் படித்தவன் அப்படிச் செய்தல் எளிதன்று. பட்டினப்பாலையின் பிள்ளை மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பிள்ளையின் விளையாட்டுக்கே பருவங்கள் வகுத்தார்கள். சூத்திரகரின் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். அதிலே வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை வெறுத்து அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண்தேரில் நிறைக்கிறாள். நாடகத்தில் ஒரு வசந்தசேனை வருவாள். நம் லயத்துக்கு வருபவன் தவணைக் கடன்காரன் அன்றோ!

“என்ன விளையாட்டடா விளையாடுவாய்?” என்று பையனைக் கேட்டேன். அவன் ‘மைன்கிராப்ட்’ என்றான், ‘வலோரன்ட்’ என்றான். பின்பு தலையைக் குனிந்துகொண்டு, “விளையாட மட்டும் இல்ல சேர். செய்யவும் ஆச” என்றான். பாடசாலைகள் மூடிக்கிடந்த 2020, 2021 ஆம் ஆண்டுகளில், அலைவரிசை தேடி ஊவாவின் பிள்ளைகள் மலையுச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறிய செய்தியை உலகமே படித்தது. அந்நாளில் வீட்டின் ஒற்றைக் கைத்தொலைபேசியில் பாடம் போக எஞ்சிய நேரத்தில், உருவங்களை வரைந்து அசைய வைக்கும் ‘பிளெண்டர்’ என்ற மென்பொருளைப் பற்றிய காணொளிகளை இவன் பார்த்திருக்கிறான். மென்பொருள் இலவசம். அதை இயக்கும் பொறிதான் இல்லை.

மூவருமாகப் பதுளைக்குப் பஸ் ஏறினோம்.

கடையிலே அப்பொறி கண்ணைப் பறித்தது. விசைப்பலகையின் கீழே ஏழு வண்ண ஒளி ஓடிற்று. ஆயினும் விளையாட்டுக் கணினியின் உயிர் அந்த ஒளியில் இல்லை. சாதாரண மடிக்கணினியில் படம் வரையும் பணியை மையச் செயலியோடு ஒட்டிய ஒரு சிறு பகுதியே செய்கிறது. பொது நினைவகத்தையே அதுவும் பங்கிட்டுக் கொள்கிறது. விளையாட்டுக் கணினியிலோ அதற்கெனத் தனி வரைகலைச் செயலியும் தனி நினைவகமும் உண்டு. வாங்குவோர் முதலில் விசாரிக்க வேண்டியவை இவையே.

அங்கும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. ‘ஆர்.டி.எக்ஸ். 4050’ என்ற ஒரே பெயருடைய மடிக்கணினிச் செயலிக்கு, உற்பத்தியாளர் 35 வாட் மின்வலுவும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். பெயர் ஒன்று, பலம் வேறு. அவ்வாறே, நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரை என்பார்கள். செயலி நொடிக்கு 50 படந்தான் வரையுமாயின் அத்திரையால் ஆவதென்ன? நினைவகம் 8 கிகாபைட் என்றால் இன்றைய விளையாட்டுகளுக்கு நெருக்கடி, 16 வேண்டும். பின்னர் கூட்டிக்கொள்ள இடமிருக்கிறதா, அல்லது பலகையோடு பற்றவைத்து விட்டார்களா என்று கேட்டறிதல் நன்று. பெரிய விளையாட்டொன்றே நூறு கிகாபைட்டுக்கு மேல் இடம் பிடிப்பதால் 512 கிகாபைட் சேமிப்பகத்திற் குறைந்தால் போதாது. வெப்பம் வெளியேற நல்ல விசிறி இல்லையேல், எந்தச் செயலியும் அரைமணி நேரத்தில் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும்.

இவற்றையெல்லாம் பையன் என்னைவிட நன்றாக அறிந்திருந்தான். அவன் அறியாதது ஒன்றே. “தவணையில் எடுத்தால் மொத்தம் எவ்வளவு?” என்று கடைப்பிள்ளையிடம் கேட்டேன்.

“மாசம் பதினோராயிரத்து நானூறு, சேர்.”

“மாதத்தைக் கேட்கவில்லை, தம்பி. மொத்தத்தைக் கேட்கிறேன்.”

அவன் விசைகளைத் தட்டினான். முப்பத்தாறு மாதத்துக்கு 410,400 ரூபா. தாய் ஒன்றும் பேசவில்லை. பையன் தன் கைத்தொலைபேசியை எடுத்தான். அந்தத் தொகையை 1350 ஆல் வகுத்தான் போலும். நெடுநேரம் அவ்விலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முந்நூத்தி நாலு நாள், சேர்” என்றான் மெல்ல. பிறகு மடிக்கணினியை மூடி, மேசையின் அப்புறமாகத் தள்ளிவைத்தான்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்று வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் கூறுகிறார். முப்பதாண்டு நான் கற்பித்த அக்குறளை, அன்று ஒரு மாணவன் வகுத்தற் கணக்காக எனக்குத் திருப்பிக் கற்பித்தான்.

திரும்பும் வழியில் பஸ்ஸின் யன்னலூடாக இருப்புப்பாதை தெரிந்தது. நேரே இறங்க முடியாத இடத்தில் சுற்றி இறங்கலாமே என்ற எண்ணம் அப்போதுதான் உதித்தது. அவன் சொன்ன இரு விளையாட்டுகளும் தனி வரைகலைச் செயலி இன்றியே ஓடக்கூடியவை. பிளெண்டருக்குத்தான் அது வேண்டும். அதுவும் புத்தம் புதியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. மேசைக் கணினியாயின் அதே பணத்துக்குப் பலம் கூடக் கிடைக்கும். ஆனால் லயத்து அறையில் அதற்கு இடமில்லை. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்தவர்கள் நாம்.

இரு வாரம் தேடினோம். பண்டாரவளையில் ஓர் இளைஞர், படிப்பை முடித்து வெளிநாடு செல்லும் தறுவாயில், தம் மடிக்கணினியை விற்கவிருந்தார். 2019 இல் வெளிவந்த ‘ஜி.டி.எக்ஸ். 1650’ செயலி, 4 கிகாபைட் தனி நினைவகம், 16 கிகாபைட் பொது நினைவகம். கேட்ட விலை 160,000.

பழையது வாங்குவதற்கும் ஒரு சோதனை முறை உண்டு. அரைமணி நேரம் கனமான விளையாட்டொன்றை ஓடவிட்டு, விசிறியின் ஓசையையும் வெப்பத்தையும் கவனித்தோம். வெண்மையும் கருமையும் திரை முழுவதும் நிரப்பி, இறந்த புள்ளிகள் உளவோ என்று பார்த்தோம். மூடியின் கீல்கள், விசைகள், துவாரங்கள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தோம். மின்னேற்றி அதற்கே உரியதா, வாங்கிய பற்றுச்சீட்டிலுள்ள தொடர் இலக்கமும் பொறியிலுள்ளதும் ஒன்றா என்று ஒப்பிட்டோம். அவ்வாண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு ‘வின்டோஸ் 10’ க்கான ஆதரவு முடியவிருந்தபடியால், பதினொன்றாம் பதிப்பை அது ஏற்குமா என்றும் பார்த்துக்கொண்டோம். பற்றரி மட்டும் ஒரு மணிநேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அக்குறையைச் சொல்லியே 145,000 ரூபாவுக்குப் பேசி முடித்தோம். தாயின் கையில் சீட்டுப் பணம் இருந்தது. குறைந்ததை மாமன் கொடுத்தார். கடன் பத்திரம் எதிலும் அவள் ஒப்பமிடவில்லை.

“நூத்தி ஏழு நாள்” என்றான் பையன், நான் கேளாமலே.

இப்பொறியிலே மிகப் புதிய விளையாட்டுகள் முழுப் பொலிவோடு ஓடா. அது அவனுக்குத் தெரியும், தெரிந்தே ஏற்றுக்கொண்டான். ஊவாவின் இடிமழைக் காலத்தில் மின்னேற்றியைக் கழற்றிவைக்க மறப்பதில்லை என்று தாய் சொல்கிறாள். ஆசிரியப் பெருமக்களிடமும் இதுபோன்ற கேள்வியோடு பெற்றோர் வருவார்கள். அவ்வேளை பிள்ளையைக் கடிந்து அனுப்பிவிடாமல், அவனையும் அருகில் அமர்த்திக் கணக்குப் பார்க்கச் செய்தல் நன்று என்பதே என் அனுபவம்.

சில மாதம் கழித்து அவன் என்னிடம் ஓர் அசைபடத்தைக் கொண்டுவந்து காட்டினான். பச்சை மலை, மூடுபனி, தெமோதரை நிலையம். நீலநிறப் புகையிரதம் ஒன்று நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, வட்டமிட்டு வந்து, சுரங்கத்துள் நுழைந்தது. நான் காத்திருந்தேன். அது வெளியே வரவில்லை.

“எங்கேயடா இரயில்?”

“இன்னும் முடியல, சேர்” என்று சிரித்தான். “உள்ளதான் இருக்கு. வரும்.”