மேகங்களின் மண்ணில் புகைமூட்டம்

உலகிலேயே அதிக மழை பெய்யும் ஊர் உள்ள மாநிலத்தில்தான் 2024-ல் உலகின் மிக மோசமான காற்றும். பைர்னிஹாட் கற்றுத்தரும் பாடம் ஓசூர் சாலைக்கும் பொருந்தும்.

சந்தாபுராவிலிருந்து

டிசம்பர் மாத விடியற்காலை. ஓசூர் சாலையில், சந்தாபுரா சந்திப்பில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் பலர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருக்கிறார்கள். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள். விளக்குக் கம்பங்களுக்கு மேலே வெள்ளையாகத் தொங்குவது பனியா, புகையா? கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால், பனி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம்.

அப்படிச் சொல்லிச் சமாளிக்க முடியாமல் போன ஊர் ஒன்று நாட்டின் மறுகோடியில் இருக்கிறது. குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் செல்லும் மலைச் சாலையில், அசாம் எல்லையை ஒட்டிய பைர்னிஹாட். இரும்பு உருக்காலைகள், இரும்புக் கலவை உலைகள், சிமென்ட், மதுபான ஆலைகள், ஓயாத லாரிகள். காற்றின் தரத்தை உலகெங்கும் அளக்கும் சுவிஸ் நிறுவனமான ஐக்யூஏர், 2024-ம் ஆண்டுக்கான அறிக்கையில் உலகின் மிக மாசுபட்ட நகரமாக இந்தச் சிற்றூரைத்தான் குறிப்பிட்டது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 128.2 மைக்ரோகிராம் நுண்தூசி. இந்தியா அனுமதிக்கும் அளவு 40. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வெறும் 5. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் தூசி நுரையீரலின் ஆழம்வரை போய், ரத்தத்திலும் கலக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மௌசின்ராமும் இதே மேகாலயாவில்தான் இருக்கிறது. மழை பெய்யும்போது காற்றிலுள்ள தூசி கொஞ்சமாவது கழுவப்படும். மழை விலகிப் பனிக்காலம் வந்ததும் கதை மாறுகிறது. பகலில் தரை சூடேறினால் அதை ஒட்டிய காற்றும் சூடாகி, புகையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். பனிக்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. மலைச்சரிவுகளில் இருந்து குளிர்ந்த காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்கிறது. கீழே உலைகள் எரிந்துகொண்டேயிருக்கின்றன. புகைக்கு வெளியேற வழியில்லை. 128.2 என்பது மழை மாதங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. பனிக்கால இரவில் மக்கள் உண்மையில் சுவாசிப்பது இதைவிட மோசமானது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் டொனோரா, குன்றுகளுக்கு இடையே துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் கொண்ட ஆற்றங்கரை ஊர். 1948 அக்டோபர் கடைசி வாரத்தில் இதேபோன்ற மூடி அங்கே ஐந்து நாள் விலகவில்லை. 20 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். கடைசியில் மழை வந்துதான் காற்று தெளிந்தது. அமெரிக்காவில் காற்று மாசு குறித்த சட்டங்கள் பிறக்க இந்தச் சம்பவமும் ஒரு காரணம். இந்தியாவிலோ 1981-லேயே காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பைர்னிஹாட்டில் இன்னும் மழையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சிக்கலை இன்னும் முறுக்குவது எல்லைக்கோடு. ஆலைகள் மேகாலயாவிலும் இருக்கின்றன, அசாமிலும் இருக்கின்றன. புகைக்கு செக்போஸ்ட் கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரம் மட்டும் செக்போஸ்டோடு நின்றுவிடுகிறது.

சந்தாபுரா பைர்னிஹாட் அல்ல. இது மலைப்பள்ளமில்லை, காற்றோட்டமுள்ள பீடபூமி. ஆனால் பனிக்கால விடியலில் புகைக்கு மூடி போடும் அதே இயற்கை விதி இங்கேயும் உண்டு. மாநில எல்லையும் உண்டு: இந்தப் பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி, அந்தப் பக்கம் ஓசூர் சிப்காட். ஆண்டுச் சராசரியைக் காட்டித் திருப்தி அடையாமல், டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளைத் தனியாக அளக்க வேண்டும். மூடி விழும் நாட்களில் உலைகளின் வேகத்தையும் லாரிகளின் நெரிசலையும் குறைக்க வேண்டும். அதை இரண்டு மாநில வாரியங்களும் சேர்ந்து செய்ய வேண்டும்.

கெட்டுப்போன சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஏரி கெட்டால் நாறும், நுரைக்கும். வழக்குக்குச் சாட்சியாக அங்கேயே கிடக்கும். காற்று அப்படியல்ல. காலை ஒன்பது மணி வெயிலில் மூடி விலகி, சாட்சியமும் கலைந்துவிடுகிறது. அதற்குள் முதல் ஷிப்டுக்காரர்கள் அதைச் சுவாசித்து முடித்திருப்பார்கள்.